சீசர் பேசிய சம்பந்தம்

நல்லூர்க் கந்தன் அறிய, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை! கலியாணத் தரகு என்பது வாய்க்குப் பூட்டுப் போட்டுச் செய்கிற தொழில்; ரொறன்ரோவில் அந்தப் பூட்டு மட்டும் கிடைக்காது. இன்ன வீட்டு மாப்பிள்ளை என்று மூச்சு விட்டாலே மொட்டைக் கடுதாசி வந்துவிடும். என்னைப்போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது விளங்கும்.

ரோமாபுரி வித்தை

மல்வேர்னில் இருக்கிற தவமலரின் மகள் நிலாவுக்கு இரண்டு சம்பந்தம் இப்படியே குழம்பிவிட்டன. மூன்றாவதும் போனால் இனிக் கலியாணமே வேண்டாம் என்று பெட்டை சொல்லிவிட்டாள். எனக்கு முடி வெட்டுகிற இத்தாலியர் சீசரின் நேர் வம்சம். அவர்தான் வழி சொன்னார்: ரோமாபுரித் தளபதி சீசர் இரகசியம் எழுதினால், ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று எழுத்துத் தள்ளி எழுதுவாராம். ஆங்கிலத்தில் ஏ வரவேண்டிய இடத்தில் டி. விளக்கத்தை இரு வீட்டுக்கும் சொல்லிவிட்டு, சந்திப்பு விபரத்தை வட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பினேன். யூனியன்வில்லிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பன் உடனே அழைத்தார்: "விளக்கம் சொன்னனீங்கள்தான் அண்ணை, எண்டாலும் கேக்கிறன், கை கால் அசையுதோ? பாரிசவாதம் வந்தவர் அடிச்ச மாதிரிக் கிடக்கு."

நாலோ ஏழோ

சந்திப்பு மில்லிக்கனில் ஒரு கோப்பிக் கடை, சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி. எழுத்தைத் தள்ளிய வேகத்தில் நேரத்தையும் தள்ளி, ஏழு என்று அனுப்பிவிட்டேன். நாலுக்குப் போனால் ஒருவரும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் அடித்தேன். "ஏழு எண்டுதானே போட்டனீங்கள்?" என்றார்கள். எழுத்தைத் திருப்பினவர்கள் இலக்கத்தைத் தொடவில்லை! தவமலரோ இலக்கத்தையும் திருப்பி நாலு என்று சரியாக வாசித்ததாக முதல் நாளே சொன்னவர். இப்போது போனை எடுக்கவில்லை. எனக்கு முதலே வந்து பார்த்துக் கோபித்துப் போய்விட்டாரோ? மூன்றாவதும் போச்சோ?

சரியாக ஏழுக்கு மாப்பிள்ளையின் கார் வந்தது. அதன் பின்னாலேயே தவமலரின் கார். பட்டுச்சீலையைச் சரிசெய்தபடி தவமலர் சொன்னார்: "நாலு எண்டால் எங்கட ஆக்கள் ஏழுக்குத்தானே அண்ணை வருவினம்? பொம்பிளை வீடு முதல் வந்து நிண்டால் மரியாதையே?"

சீசருக்கு நடந்தது

நிலாவும் பெடியனும் சிரித்துச் சிரித்துக் கதைத்தார்கள். சம்பந்தம் சரி. "இவ்வளவு கவனமா எழுதின சீசருக்குக் கடைசியில என்ன நடந்தது அங்கிள்?" என்று நிலா கேட்டாள். "எதிரி ஒருத்தனும் ஒண்டும் செய்யேல்லை பிள்ளை. பக்கத்தில இருந்து எல்லாம் தெரிஞ்சவைதான் குத்தினவை" என்றேன். தவமலர் கோப்பியை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. "முதல் ரெண்டு சம்பந்தமும் எங்களை விட்டால் வேற ஆருக்கண்ணை தெரியும்?" என்று கேட்டார்.

எழுத்தை மூன்று தள்ளி வைத்த சீசர் தரகனை மூன்று தெரு தள்ளி வைக்கச் சொல்லவில்லை, ஆகவே தாலி ஏறும்வரை இதை ஒருவருக்கும் சொல்லாதீர்கள், சொன்னாலும் ஆர் சொன்னது என்று மட்டும் சொல்லாதீர்கள்.