லாரி வராத நாள்

இன்று காலை சமையலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீருக்குப் பதில் 'புஸ்ஸ்' என்று காற்று வந்தது. மாடித் தொட்டிக்கு மோட்டார் போட மறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நானோ குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே ஓடிவிட்டேன். சிரிக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவளுக்குத்தான் அந்தச் சத்தம் புரியும்.

முதல் வேலை, கொத்தமங்கலம் பக்கம் ஒரு சின்ன ஊரில். நேர்காணலில் முட்டையில் என்ன சத்து என்று கேட்டார்கள்; கடகடவென்று ஒப்பித்தேன். தண்ணீர் இல்லாமல் எப்படிச் சோறாக்குவாய் என்று கேட்டிருந்தால் வேலை கிடைத்திருக்காது.

அந்தப் பங்குனியில் ஊருணி வற்றி, ஆழ்குழாயும் காற்றைத்தான் கக்கியது. டேங்கர் லாரியை நம்பித்தான் ஊரே இருந்தது. ஒருநாள் அது வரவில்லை. சமையல் செய்யும் மூக்காயி அக்கா அரிசியும் கையுமாக வந்து நின்றார்.

"டீச்சர், குடத்துல இருக்கது பிள்ளைக குடிக்கத்தான் காணும். ஒலை வைக்கவா, வேணாமா?"

என்னை டீச்சர் என்று கூப்பிட்டது அவர் ஒருவர்தான். பாதிப் பிள்ளைகள் காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள். எப்போதும் வரிசையில் முதலில் நிற்கும் செல்வி அதற்குள் தட்டை எடுத்துவிட்டாள்.

பள்ளிக்கு எதிரே பூட்டிக்கிடந்த பெரிய வீட்டின் பின்கட்டில் ஒரு கிணறு உண்டு. காவல்காரர் கருப்பையா அண்ணனிடம் ஓடினேன்.

"ஆச்சிகிட்டக் கேக்காமத் தொறந்தா என்னைய வேலையவிட்டு நிப்பாட்டிருவாகம்மா" என்று மிரண்டவர், சென்னையிலிருந்த வீட்டுக்கார ஆச்சிக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார்.

"எறைச்சு வருசக்கணக்காச்சேம்மா. பிள்ளைகளுக்கு ஒண்ணு ஆனா நீங்க பதில் சொல்லுவீகளா?" என்றார் ஆச்சி.

"சொல்றேன் ஆச்சி." கருப்பையா அண்ணன் பின்வாசலைத் திறந்துவிட்டார்.

முதல் வாளி பாசியும் இலை மக்கிய வாடையுமாக வந்தது. நிறைய இறைத்துக் கொட்டிய பிறகே தெளிந்தது. அக்கா வேட்டித் துணியில் வடிகட்டி, தளதளவென்று நெடுநேரம் கொதிக்கவிட்டார். முதல் கவளம் நான்தான் சாப்பிட்டேன், ருசியே தெரியவில்லை. பிள்ளைகள் சிரித்து வயிற்றைப் பிடித்தால்கூட எழுந்து ஓடினேன்.

"அப்பிடி முழிச்சுப் பாக்காதீக டீச்சர். பிள்ளைக பயந்துரும்" என்றார் அக்கா.

மறுநாள் காலை செல்வி வரவில்லை. அவள் வீட்டுக்கு ஓடினால் கதவு பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிப் போயிருக்கிறார்கள் என்றே முடிவுகட்டிவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அவுக ஆத்தாகூடக் காளையார்கோவிலுக்குப் போயிருக்கா. காலையில கஞ்சி பத்தலைன்னு ஒரே அழுகை!"

அந்த அழுகையைப் பற்றிக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அங்கேயே தெருவில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் ஆச்சியே கூப்பிட்டார். "பிள்ளைக நல்லா இருக்குகளா?" நல்லா இருக்குக என்றதும், "மழை பெய்யிற வரைக்கும் பின்வாசல் தொறந்தே கெடக்கட்டும். ஊருக்கும் சொல்லிருங்க" என்றார். அந்தக் கோடை முழுக்க ஊரே அங்கே இறைத்தது.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். ஆச்சி காலமாகி, வீடு கைமாறிவிட்டது. வாங்கியவர்கள் கட்டடத்தை இடித்து, தேக்குத் தூண்களை விற்று, கிணற்றை மண்போட்டு மூடிவிட்டார்கள். மூக்காயி அக்கா மகனோடு திருப்பூரில். இனி அந்த ஊருக்கு லாரி வராவிட்டால் போன் போட ஆச்சி இல்லை. திறந்துவிடக் கிணறும் இல்லை.