ஏழு நாள் தொடாத ஃபைல்கள்

ஹைதராபாத்தில் என் முதல் கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவர் அந்த ஊர் மாரெட்பள்ளியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழர். கட்டம்போட்ட அரைக்கைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. எந்த வேலையையும் இரண்டாம் முறை கையால் செய்யமாட்டார். உடனே அதைத் தானாகச் செய்யும் குட்டி நிரலாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிடுவார்.

அதில் ஒன்று, ஏழு நாள் யாரும் தொடாத ஃபைல்களைத் தானாக அழித்துவிடும். காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டு வந்து பார்த்தால், சர்வரில் இருந்த என் ஒரு மாத வேலையைக் காணோம்.

"ஒரு வார்த்தை சொல்லாம அழிக்கலாமா சார்?" என்று கத்தினேன்.

"ஹவ், ஆமா, அழிச்சிருச்சு. டிஸ்க் ரொம்பிப் போச்சே! டென்ஷன் நக்கோ, கவலைப்படாதீங்க," என்றார்.

மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் பழைய பேக்கப் டேப்களைத் துழாவி, பாதியை மீட்டுக் கொடுத்தார். மீதியை நான் மறுபடி எழுதினேன்.

அடுத்த மாதம் பக்கத்து சீட்டுப் பெண்ணின் ஃபைல்கள் போயின. அவள் அழுதேவிட்டாள். எரிச்சலோடு அந்த ஸ்கிரிப்டைத் திறந்தேன். புதிதாக ஒரே ஒரு வரி சேர்ந்திருந்தது: என் ஃபோல்டரை மட்டும் தொடாதே என்று.

"என்ன சார் இது?" என்றேன்.

"நீங்கதானே சத்தம் போட்டீங்க? அவங்க போடலியே."

கிண்டல் இல்லை. நான் ஏன் கோபப்படுகிறேன் என்று நிஜமாகவே புரியாமல் பார்த்தார். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முழுசாகக் கோபம் வருவதில்லை.