தலை இடிக்கும் உத்தரம்

எழுபதுகளின் கடைசியில் என் கணவர் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். எங்களுக்குத் தந்த வீட்டை, ஒரு வெள்ளைக்காரர் தன் ஊர்ப் பண்ணைவீட்டைப் போலவே கட்டியிருந்தார். கறுத்த மரச்சட்டங்கள்தான் அதன் எலும்பு. ஆணியே இல்லாமல் மர முளை அடித்துப் பூட்டி, இடையில் மண் அப்பிச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். எல்லாம் அழகுதான், கூடத்தைத் தாண்டும் இடத்தில் தாழ்வாகக் கிடந்த உத்தரத்தைத் தவிர. அதில் தலை இடிக்காத விருந்தாளி கிடையாது.

சர்ச்சுக்குப் போகும் வேதக்காரரைக் கட்டிக்கொண்டேன் என்று, சேலத்தில் மளிகைக்கடை வைத்திருந்த அப்பா என்னோடு பேசுவதையே விட்டிருந்தார். மகன் பிறந்ததும் மனம் கேட்காமல் பஸ் ஏறி வந்துவிட்டார். ஆனால் என் கணவரின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"கொழந்த எங்க கண்ணு?"

உள்ளே குழந்தை அழுதது. அப்பா விறுவிறுவென்று நடந்தார். நான் வாய் திறப்பதற்குள் கணவர் பாய்ந்து உத்தரத்தில் புறங்கையை வைத்து மறித்தார். அப்பாவின் தலை அந்த உள்ளங்கையில் மோதியது. மரத்தில் நசுங்கிய விரல் முட்டியில் ரத்தம் கசிந்தது.

அப்பா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். விடவே இல்லை.

"நொம்ப வலிக்குதுங்களா, மாப்ளே?"

"இல்லீங்க மாமா. குனிஞ்சு வாங்க."

அப்பா குனிந்தார்.

பின்னால் அந்த உத்தரத்தை உயர்த்தித் தரட்டுமா என்று எஸ்டேட்டில் கேட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டேன். அப்பா வந்திருக்கும் நாட்களில், புதிதாக யார் நுழைந்தாலும் முதலில் ஓடிப்போய் அங்கே கை வைப்பவர் அவர்தான்.