மூன்று கோட்டுக் கல்

நூஃபாவுக்கு ஒன்றுமே புரியவில்லை. கணவன் செத்த எட்டு வருஷத்தில் எட்டிப் பார்க்காத சனம், இந்த வாரம் மட்டும் வாசலை விட்டு நகர மாட்டேன் என்கிறதே! எதிர்வீட்டு உம் சத்தாம் நாளுக்கு இருமுறை வந்து நலம் விசாரித்தாள். அண்ணன் மகன் மிஃப்லிஹ் ஒரு தட்டு குனாஃபா இனிப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "அத்தே, உனக்கு நான் இல்லியா?" என்று உருகினான்.

"திடீர்னு எங்கேருந்துடா முளைச்சுது இந்தப் பாசம்?"

அவன் கண் கொல்லையிலேயே இருந்தது. தக்காளி, முலுக்கியா கீரை, புதினா. பிள்ளை இல்லாத அவள் வீட்டில் உலை கொதிப்பது அதை நம்பித்தான். அஜ்லூன் பக்கம் குழாய்த் தண்ணீர் சனிக்கிழமை மட்டும்தான் வரும். அதனால் செடிகளுக்கு நடுவே ஆறு மண்பானைகளைக் கழுத்துவரை புதைத்திருந்தாள். ஊற்றிய நீர் மெல்லக் கசிந்து வேருக்குப் போகும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிரப்பினால் மொட்டைமாடித் தொட்டி காலி. நாள் மறக்காமலிருக்க மூடுகல்லில் கோடு கீறியிருந்தாள்: ஞாயிறுக்கு ஒன்று, செவ்வாய்க்கு மூன்று, வியாழனுக்கு ஐந்து.

"அந்தக் கல்லுக்குக் கீழே என்ன இருக்கு அத்தே?"

"பானைதான். என் உயிரே அதுக்குள்ளதான்டா இருக்கு."

மிஃப்லிஹ் எச்சில் விழுங்கினான். இவனுக்கு என்ன கேடு வந்தது என்று அவள் விழித்தாள்.

செவ்வாயன்று ஒரு துக்க வீட்டுக்குப் போனாள். கிளம்பும்போதெல்லாம் உம் சத்தாம் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னடி அவசரம்? இன்னொரு காப்பி குடி!" அதுவும் புரியவில்லை. உதறிவிட்டு வந்தாள்.

கொல்லை குதறிக் கிடந்தது. காயோடு தக்காளிச் செடிகள் வேர் மேலாக. ஆறு பானையும் உடைந்து ஓடு ஓடாக. முழங்கால்வரை சேற்றில் நின்றான் மிஃப்லிஹ், கையில் கடப்பாரை.

"எங்கே மாத்தி வச்சே அத்தே? அந்தக் காலத்துல ஊரை ஆண்ட துருக்கிக்காரன் புதைச்சிட்டுப் போன தங்கம்! கோடு போட்ட கல்லுன்னு ஊரே பேசுது!"

அட பாவிகளா! கீறல் விழுந்த கல்லைக் கண்டால் புதையலுக்கு அடையாளம் என்று இந்த ஊர் ஆம்பளைகளுக்குப் பித்துப் பிடிக்கும், அவளுக்குத் தெரியாததா? தன் கல்லையும் அப்படிப் பார்ப்பார்கள் என்றுதான் தோன்றவில்லை.

"பானையில என்னடா இருந்துச்சு?"

"வெறும் தண்ணி." ஒரு கல்லை நீட்டினான். "அப்போ இந்த மூணு கோடு?"

"செவ்வாய்க்கிழமைடா," என்றாள் நூஃபா. "இன்னிக்கு அதுக்குத் தண்ணி ஊத்தணும்."