மகளை ஓடவிட ஓர் இடம்

கவரைப்பேட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு முன்னால் ஜி.என்.டி. ரோடு, பின்னால் ரயில் பாதை. ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். வீடு என்றால் ஓர் அறை, அதன் மூலையில் அடுப்பு. வாசலை விட்டு இறங்கினால் எதிரே லாரி வரும். எழுபதுகளின் நடுப்பகுதி அது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்திருந்தன. அதில் ஓர் இரும்பு வார்ப்புக் கம்பெனியில் என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்தது. அதனால்தான் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருந்த எங்கள் குப்பத்தை விட்டு நான் இங்கே வந்தேன். வந்த மறு வருடம் மகள் பிறந்தாள்.

அவள் தவழ ஆரம்பித்ததிலிருந்து கதவுக்கு உள்ளேயேதான் வளர்ந்தாள். வரிசையில் இருந்த மற்றப் பிள்ளைகளும் அப்படித்தான். அடுப்பு வேலை பார்க்கும்போது பழைய புடவையைக் கிழித்து ஒரு முனையை அவள் இடுப்பிலும் மறு முனையை ஜன்னல் கம்பியிலும் கட்டிவிடுவேன். ஒருநாள் எங்கள் வாசலுக்கு நேராகவே ஒரு கன்றுக்குட்டி லாரியில் மாட்டிக்கொண்டது. அதைப் பார்த்த பிறகு வரிசையில் எல்லாத் தாய்மாரும் கட்டினார்கள். வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்டு முடித்து வந்தால் பகலில் தூங்குவார். அந்த நேரத்தில் அவள் சத்தம் போடவும் கூடாது. சுவரோரமாக உட்கார்ந்து டப்பா மூடிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவாள், கலைப்பாள், திரும்ப அடுக்குவாள். சமர்த்துப் பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள்.

மூன்று வயது தாண்டியும் அவள் ஓடவில்லை. நடந்தாள், ஆனால் இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். நேராக நிற்கவைத்தால் இரண்டு முழங்கால்களும் வெளிப்பக்கம் வளைந்து நின்றன. பக்கத்து வீட்டுப் பெண், "பொட்டப் புள்ள ஆச்சே, இப்பவே காட்டிடு" என்றாள். வீட்டுக்காரர் ஒருநாள் லீவு போட்டார். பஸ் மாறிப் பஸ் ஏறி திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஒரு டாக்டரம்மா அவளை மேஜைமேல் நிற்கவைத்து, காலை அழுத்திப் பார்த்தார், மணிக்கட்டைப் பார்த்தார்.

"கொழந்தைய வெயில்லயே வுடறது இல்லியா?"

"ஊட்டு முன்னால ரோடுங்கம்மா. எப்பவும் லாரி போய்க்கினே இருக்கும்."

"எலும்பு வலுவே இல்ல. மருந்து எழுதித் தரேன், மீன் எண்ணெய் குடு, முட்டை குடு. ஆனா அது பாதிதான். ஒடம்புல வெயில் படணும். ஓடணும், குதிக்கணும், ஏறணும், வுழணும். வுழுந்து எழுந்தாதான் கால் நிக்கும். இந்த வயசுல பண்ணா சரியாப் பூடும். வுட்டுட்டா அப்புறம் வளைஞ்சது வளைஞ்சதுதான்."

"எங்கங்கம்மா ஓட வுடறது?"

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எங்கனா கூட்டிக்கினு போம்மா. அவ்ளோ பெரிய ஊர்ல எடமா இல்ல?" என்றார். அதற்குள் அடுத்த குழந்தையைக் கொண்டுவந்து மேஜைமேல் நிற்கவைத்துவிட்டார்கள்.

ஊரில் இடத்துக்கு என்ன பஞ்சம் என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாளே அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். முதலில் பள்ளிக்கூடத்து மைதானத்துக்குப் போனேன். "இஸ்கூல்ல சேத்த பசங்களுக்கே இது பத்தல. அஞ்சு வயசு ஆவட்டும், கூட்டிக்கினு வா" என்று வாத்தியார் அனுப்பிவிட்டார். அவர் சொன்னதும் தப்பில்லை. பெரிய பையன்கள் கில்லி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அது ஒன்று போதும் இவள் கண்ணைப் பறிக்க. ஸ்டேஷன் பிளாட்பாரத்துக்குக் கொண்டுபோனேன். நல்ல வெயில், நல்ல நீளம். ஆனால் மெட்ராஸ் போகும் எக்ஸ்பிரஸ் நிற்காமல் கடந்தபோது பயந்து என் காலைக் கட்டிக்கொண்டவள், அதன் பிறகு பிளாட்பாரத்தைக் கண்டாலே அழுதாள்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நெல் விவசாயம் பார்க்கும் ஒரு குடும்பத்தின் களம் இருந்தது. அந்த வீட்டு அம்மாளிடம் கேட்டேன். "வெளையாடட்டும், பாவம். கொழந்த ஓடி களம் இன்னா தேஞ்சிடப் போவுதா?" என்றாள். சில வாரங்கள் அங்கே போனோம். வழவழப்பாகச் சாணி மெழுகிய தரையில் மகள் வெறுங்காலோடு நடந்தாள். அறுப்பு வந்ததும் களம் முழுக்க நெல் காய்ந்தது. ஒரு காலை நாங்கள் போய் நின்றபோது அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், காயும் நெல்லைப் பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்குள் நானே திரும்பிவிட்டேன்.

கடைசியில்தான் மேய்க்கால் கிடைத்தது. ஊர் மாடுகள் மேய விட்டிருந்த புறம்போக்கு நிலம், வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். நடுவில் ஒரு வேப்பமரம், ஒரு மண்மேடு, மற்றபடி கட்டாந்தரையும் கோரைப் புல்லும். நான் போவதைப் பார்த்து எங்கள் வரிசைப் பெண்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் பிள்ளைகளோடு வந்தார்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்தால் எங்களுக்கு அதுதான் வேலை. பிள்ளைகள் பாண்டிக்குக் கட்டம் கிழித்தார்கள், ஓடிப்பிடித்தார்கள், மண்மேட்டில் ஏறிச் சறுக்கினார்கள். என் மகள் முதலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். பிறகு ஓடுகிறவர்களுக்குப் பின்னால் தாமதமாகப் போனாள். நொண்டி அடிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் விழுந்தாள். நான் எழுந்து ஓடப் பார்ப்பேன். "வுடு, அதுவா எந்திரிக்கும்" என்று மற்றப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவளும் எழுந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சோறு கேட்டாள். அதுவரை ஒருநாளும் அவள் கேட்டதில்லை, நான்தான் வாயில் திணிப்பேன். படுத்ததும் தூங்கினாள். ஒருநாள் இன்னொரு பெண்ணோடு சண்டை போட்டு அவள் முடியைப் பிடித்து இழுத்துவிட்டாள். அதட்டிய கையோடு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். வீட்டுக்காரர் தூங்கப் போகும் முன் அவளை நிற்கவைத்துக் காலைப் பார்ப்பார். "தோ பாரு, முட்டி ரெண்டும் கொஞ்சம் கிட்ட வந்திருக்குது இல்ல?" என்பார். எனக்கு வித்தியாசம் தெரியாது. இருந்தாலும் ஆமாம் என்பேன்.

பொங்கல் கழிந்து ஒருநாள் மேய்க்காலில் கற்கள் வந்து இறங்கின. ஏதோ ஒரு கம்பெனிக்குக் குடோன் கட்ட இடம் கொடுத்துவிட்டார்களாம். வாரத்துக்கு வாரம் சுவர் எழுந்தது. சுவர் இடுப்பளவு இருந்தவரை பிள்ளைகளைத் தூக்கி உள்ளே விட்டோம். அப்புறம் அதுவும் முடியவில்லை. கேட் போட்டார்கள். வாட்ச்மேனாக எங்கள் வரிசையிலேயே கடைசி வீட்டில் இருந்தவரைத்தான் வைத்தார்கள். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, சாயங்காலம் ஒரு மணி நேரம் வுட்டா போதும். உள்ள எதுவும் தொட மாட்டாங்க. அந்த மரத்தாண்ட மட்டும்" என்று கேட்டேன்.

"எனக்கு மட்டும் ஆசையாம்மா? எம் புள்ளைங்களே உள்ள வரக்கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க. சூப்பர்வைசர் எப்ப வருவான்னு தெரியாது. நான் இன்னா பண்றது, நீயே சொல்லு."

மகள் கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். வாட்ச்மேன் அவள் தலையைத் தடவினார். பிறகு கொஞ்ச தூரம் போய் வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

பிள்ளைகள் எல்லாம் மறுபடி வீட்டுக்குள் போனார்கள். வெயில் காலம் வேறு, கூரையின் சூடு அப்படியே கீழே இறங்கும். நானும் வீட்டுக்காரரும் அதையே பேசிப் பேசி அலுத்துப்போனோம். வேறு வீடு பார்க்கலாம் என்றால் கம்பெனிக்கு நடந்து போய்விடும் தூரத்தில் கிடைத்த எல்லா வீடும் இதே மாதிரி வரிசை வீடுதான். "ஒங்க அண்ணன் ஊட்ல கொஞ்ச நாள் வுடலாமா? அங்க மண்ணுக்கும் வெயிலுக்கும் கொறைச்சலா?" என்று அவர்தான் ஒருநாள் கேட்டார். அதே எண்ணம் எனக்கும் வந்திருந்தது. நான் சொல்ல வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

பொன்னேரி போய், அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ் பிடித்து, படகில் ஏரியைத் தாண்டினோம். அண்ணனுக்கு அங்கே ஒரு குடிசை, மூன்று பிள்ளைகள். அண்ணன் காலையில் வலையோடு போய்விடுவான். அண்ணி மீன் காய வைப்பாள். அந்தக் கரையில் சொகுசு ஒன்றும் கிடையாது. காற்றடித்தால் சோற்றில் மணல் விழும், குடிக்கிற தண்ணீருக்கு ஊற்றுத் தோண்ட வேண்டும். ஆனால் வீட்டு வாசலிலிருந்து கடல் வரைக்கும் வெறும் மணல்தான். நானும் கூடவே தங்கிவிடலாம் என்றுதான் துணி எடுத்துப் போயிருந்தேன். ஒரு வாரம் ஆனதும் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"நீ கெளம்பும்மா. கட்னவன வுட்டுட்டு இங்கயே ஒக்காந்துக்கினு இருந்தா ஊர்ல வேற மாரி பேசுவாங்க. அவருக்கும் வயித்துப் புண்ணு, ஓட்டல்ல துன்னா ஆவாது. பாப்பா இருக்கட்டும். மூணோட நாலு."

அண்ணி ஏற்கெனவே என் மகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நான் படகு ஏறியபோது மகள் அழவில்லை. மற்றப் பிள்ளைகள் நண்டுப் பொந்து தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவளும் குந்தி உட்கார்ந்து தோண்டினாள். கூப்பிட்டேன். காற்றில் கேட்டிருக்காது.

மாதம் ஒருமுறை போவேன் என்று வைத்திருந்தேன். மழைக்காலத்தில் அதுவும் முடியாமல் போனது. ஒவ்வொரு முறையும் அவள் கறுத்திருந்தாள், வளர்ந்திருந்தாள். கிளிஞ்சல் வெட்டிய காயங்கள் காலெல்லாம். மணலில் கால் புதையப் புதைய ஓடினாள். மறு வருடம் ஒரு நாள் படகிலிருந்து நான் இறங்கும்போது தூரத்தில் நாலு பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அதில் என் மகள் எது என்று எனக்குத் தெரியவில்லை. நாலு பேர் கால்களும் நேராக இருந்தன.

நான் கரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். சந்தோஷம்தான் அது. அப்போதுதான் அவள் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடி, பிள்ளைகளுக்குப் பின்னால் வந்த அண்ணியின் புடவையைப் பிடித்துக்கொண்டு, "ம்மா, பஸ்ஸு அத்தை வந்துகீது" என்றாள்.

அண்ணி பதறிப்போனாள். "அய்ய, அதான்டி ஒங்க அம்மா. எத்தினி வாட்டி சொல்றது" என்று அவளை என் பக்கம் தள்ளினாள். என்னைப் பார்த்து, "பசங்க கூப்புடறதப் பாத்து இதுவும் கூப்புடுது. மனசுல வெச்சுக்காதம்மா" என்றாள். அவளைக் கோபிக்க எனக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. கோபிக்க வேறு யாரையும் தெரியவில்லை.

ஐந்து வயது முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவளைக் கூட்டி வந்தோம். வீட்டுக்குள் நுழைந்து சுற்றிப் பார்த்தாள். ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு ஓடினாள், திரும்பி ஓடினாள், நின்றாள். வாசலுக்குப் போகப் பார்த்தவளை எட்டிப் பிடித்துக் கதவைச் சாத்தினேன். "எப்ப ஊட்டுக்குப் போறது?" என்று கேட்டாள். வீட்டுக்காரர் அவளை மடியில் உட்காரவைத்து, "இதான்டா ஊடு" என்றார். அவர் சொன்னதை நம்பலாமா என்று கேட்பது போல அவள் என்னைப் பார்த்தாள்.

போகப் போகப் பழகினாள். என்னை அம்மா என்று கூப்பிட்டாள், சொன்ன பேச்சைக் கேட்டாள். பள்ளிக்கூட மைதானத்தில் பையன்களை ஓட்டத்தில் ஜெயித்தாள். என்னிடம் சண்டை மட்டும் போட்டதில்லை. விருந்துக்கு வந்த வீட்டில் இருப்பவள் மாதிரி நடந்துகொண்டாள். லீவு விட்டால் பழவேற்காட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள்.

அவள் கல்யாணமாகித் தலைப்பிரசவத்துக்கு நாள் நெருங்கியபோது நான் அறைக்கு வெள்ளையடித்து, தொட்டிலுக்குக் கயிறு வாங்கி வைத்திருந்தேன். அவள் வந்து இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் தயங்கித் தயங்கி, "நான் அங்க போவட்டுமாம்மா? அங்கன்னா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்" என்றாள். போ என்றேன். துணிகளை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தேன். நானும் கூடப் போனேன். படகிலிருந்து இறங்கியதும் அவள் அந்த வயிற்றோடு மணலில் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.