சுயம்பு பாராட்டப் பழகிய பத்து நாள்

கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடமாகப் பால் வெட்டும் சுயம்பு, மகள் ஜிஷாவை ஒருநாளும் பாராட்டியதில்லை. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்பது அவருடைய அப்பா விட்டுப்போன சொத்து. கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கி வந்தவளிடம், "மிச்சம் நாலு எங்க?" என்றார். மறுநாள் தோட்டத்துப் பஸ்ஸில் டிரைவர் முதல் கடைசி சீட்டுக்காரர் வரை எல்லாரிடமும் தொண்ணூற்றாறைச் சொன்னார். வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

ஜிஷா இப்போது நாகர்கோவிலில் லேப் டெக்னீசியன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை போனில் அழைத்தாள். "திருவனந்தபுரத்தில வேலை கெடச்சிருக்கு அம்மா. அப்பாட்ட இப்பம் சொல்லாண்டாம். சொன்னா எனக்க சந்தோஷம் பாதியாப் போவும்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. சுயம்பு இரண்டடி தள்ளி மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டிலிருக்கும் துணிமணியை எடுத்துப்போக அவள் வருவதற்குப் பத்து நாள் இருந்தது. அதற்குள் ஒரு நல்ல வார்த்தை பழகிவிட வேண்டும். மனிதர்களிடம் பழக வெட்கம். மரங்களிடம் ஆரம்பித்தார். முதல் நாள் தொண்டையை மட்டும் செருமினார். இரண்டாம் நாள் ஒரு மரத்தைத் தட்டி, "கொள்ளாம், நல்ல பட்டை" என்றார். நன்றாயிருக்கிறது என்பதற்கு அந்த ஊரில் கொள்ளாம் என்பார்கள்.

பக்கத்து வரிசையில் பால் வெட்டும் எபிசன் எட்டிப் பார்த்தார். "அண்ணே, யாருட்ட பேசுதிய?"

"மரத்துட்ட."

"மரம் என்ன சொல்லுது?"

"ஒன்னைய மாதிரி குறுக்க பேசல்ல."

ஐந்தாம் நாள் அந்த மரத்தில் பால் பிடிக்கும் சிரட்டை நிரம்பி வழிந்தது. பொறாமையில் அடுத்த இரண்டு மரங்கள் இலை உதிர்த்தன. நம்பாதவர்களுக்காக நான் இதைப் பாதியாகக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

பத்தாம் நாள் ஜிஷா வந்தாள். சலவைச் சட்டையில் நின்ற சுயம்பு வாயைத் திறந்தார். "திரும்ப எப்பம் பஸ்சு?"

மனைவி முத்துக்கனி தலையில் அடித்துக்கொண்டாள். ஜிஷா உள்ளே போனாள். ஐம்பத்தாறு வயது வரை சுமந்த நம்பிக்கை, வாடகைக்கு இருப்பதுபோல் சொன்னவுடன் காலி செய்யுமா?

ஆனால் சுயம்பு பின்னாலேயே போனார். அலமாரியைப் பார்த்துக்கொண்டு, "கொள்ளாம்" என்றார்.

"எது?"

"நீதான். நல்ல பட்டை. பால் நிக்காம வருது."

ஜிஷா துணி மடிப்பதை நிறுத்தினாள். "அப்பா, நான் என்ன மரமா?"

சுயம்புவுக்கு வியர்த்தது. "வாயில அதுதான் வருது மக்கா. ஆழமா வெட்டினா மரத்துக்குக் காயம்னு எனக்குத் தெரியும். ஒன்னட்ட ஆழமா வெட்டிட்டேன்."

அவள் மிச்சத் துணிகளையும் பெட்டியில் அடுக்கினாள். பிறகு, "இந்தப் பெட்டி மூட மாட்டேங்கு. மேல இரிங்க" என்றாள். அவர் உட்கார்ந்தார். ஜிப்பை இழுத்தபடியே, "ஒண்ணாம் தேதி வேலையில சேரணும் அப்பா, திருவனந்தபுரத்தில. ஏழு மாடி ஆஸ்பத்திரி" என்று அவளே சொல்லத் தொடங்கினாள்.

ஜிப் மூடிய பிறகும் சுயம்பு எழும்பவில்லை. "ஏழு மாடியா? நீ எத்தனாவது மாடி?" என்று கேட்டார்.