ஒரு வீட்டுக்கு ஒரு மெயில் ஐடி

எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு ஒன்று, கேஸ் கனெக்‌ஷன் ஒன்று, கரண்ட் மீட்டர் ஒன்று. மெயில் ஐடியும் ஒன்றே போதும் என்று முடிவு பண்ணினது நான்தான். இதில் வேறு யார் மேலும் பழி போட முடியாது. முதலில் என் வீட்டுக்காரருக்குப் போன் வாங்கினபோது, ஆவடி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் அவர் பெயரில் ஐடி போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து எனக்கு ஒரு போன் வாங்கினோம். "புதுசா ஐடி போடணுமா மேடம்?" என்று கடைக்காரர் கேட்டார். "எதுக்கு? ஒரே வீடுதானே, அதையே போடுங்க" என்றேன். என்னமோ பெரிய புத்திசாலித்தனம் பண்ணிவிட்ட மாதிரி அன்றைக்கு முழுக்க ஒரு பெருமை வேறு.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கிற கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். சட்டையைப் புரட்டிப் போட்டு, பிசிறு, விட்ட தையல், கோணல் பட்டன் எல்லாம் பார்த்துத் திருப்பி அனுப்புகிற வேலை. எனக்குக் கோபம் சட்டென்று வரும், லைனில் இருக்கிற பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். அவர் அதே எஸ்டேட்டில் லேத் ஆபரேட்டர். இருபத்தெட்டு வருஷம் இரும்பைக் கடைந்தவர். வீடு ஆவடி சேக்காட்டில். ஆனி மாதக் கடைசியில் அவருக்குக் கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பெடுத்தபோது சாதாரண மஞ்சள் காமாலை என்றுதான் நினைத்தோம்.

ஸ்கேன் எல்லாம் எடுத்த பிறகு டாக்டர் என்னையும் என் மச்சாண்டாரையும் மட்டும் தனியாக உள்ளே கூப்பிட்டார். மச்சாண்டார் என்றால் அவருடைய அண்ணன், பூந்தமல்லியில் இருக்கிறார். கணையத்தில் புற்றுநோய். ஆபரேஷன் பண்ணுகிற கட்டத்தைத் தாண்டிவிட்டது. அடைப்புக்குக் குழாய் வைக்கலாம், காமாலை இறங்கும், வலிக்கு மாத்திரை தரலாம், அவ்வளவுதான் என்றார். மச்சாண்டார்தான் பேசினார். "சார், அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிக்காதீங்க சார். தாங்கமாட்டான்."

எங்கள் சொந்தத்தில் அந்த நோய் வந்த யாரிடமும் அதன் பெயரைச் சொன்னதே கிடையாது. அல்சர் என்போம், கட்டி என்போம், ரத்தம் கம்மி என்போம். பெயரைக் கேட்டாலே ஆள் பாதியாகிவிடும் என்று ஒரு பயம். அதனால் நானும் மறுபேச்சுப் பேசவில்லை. "பித்தக் குழாயில அடைப்பு. குழா வெச்சு எடுத்துட்டாங்க. இனிமே பத்தியமா இருந்தா போதும்" என்று அவரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரி ஃபைலைக் கொண்டுபோய்க் கம்பெனி லாக்கரில் வைத்துப் பூட்டினேன். சொந்தக்காரர்கள் போன் பண்ணினால் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினேன். ஒரு தையலும் விடக்கூடாது என்று எல்லாப் பக்கமும் அடைத்தேன்.

நோயைப் பற்றித் தேடுவதையும் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. காலையில் ஆவடியில் ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்குவதற்குள், லேடீஸ் பெட்டியில் நின்றபடியே போனில் தட்டுவேன். கணையம் எங்கே இருக்கிறது. என்ன சாப்பிடலாம். வலி எப்போது வரும். கடைசியில் எப்படி இருக்கும். இறங்குவதற்கு முன்னால் எல்லாப் பக்கத்தையும் மூடிவிடுவேன். மூடினால் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்த மடச்சி நான்.

அவர் வீட்டில் படுத்தபடி நாள் முழுக்க மீன் பிடிக்கிற வீடியோ பார்ப்பார். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கட்டிலில் இருந்தபடியே கேட்டார்.

"இன்னாமே இது, நானு பாட்டுக்கு மீன் புடிக்கிறத பாத்துகினு கீறேன். நடுவுல கேன்சர் ஆஸ்பத்திரிக்காரன் வந்து பேசிகினு போறான்? இதோட மூணாவது வாட்டி."

"எல்லாருக்கும்தான் வருது. என் போன்லகூட வருது. தள்ளிவுட்டுட்டு பாப்பியா, அத்தப்போய் கேட்டுகினு" என்று எரிந்து விழுந்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி, வுடு" என்று சொல்லிவிட்டு மறுபடி மீனைப் பார்க்க ஆரம்பித்தார். நான் அன்றைக்குச் சோற்றைக் குழைய விட்டேன்.

எங்கள் மாடியில் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி குடியிருந்தாள். ஐடி வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை. மறுநாள் கம்பெனி விட்டு வந்ததும் நேராக அவளிடம் போனேன். விஷயத்தைச் சொல்ல மனசு வரவில்லை. "எங்க வீட்டுக்காரர் போன்ல கண்ட கண்ட விளம்பரமா வருதுமா. அத நிறுத்தணும்" என்றேன். அந்தப் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "அண்ணா எதாவது பாத்திருப்பாருங்க்கா. அதனாலதான் வருது. விடுங்க, ஆம்பளைங்கன்னா அப்படித்தான்" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வாயக் கழுவு! அந்த மனுசனுக்கு கேன்சர்மா. அவருக்கு அது தெரியாது. தெரிஞ்சிடக் கூடாதுன்னு நான் செத்துகினு கீறேன்" என்று கத்திவிட்டேன். கத்தி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. பாவம், அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் என் போனை வாங்கி, பிரவுசரைத் திறந்து, ஒவ்வொரு செட்டிங்காகக் காட்டினாள். நாம் ஒரு பக்கத்தைப் பார்க்கும்போது அந்தப் பக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத விளம்பரக் கம்பெனிகளும் நம் போனில் ஒரு அடையாளம் போட்டுவிடுமாம். அதற்குக் குக்கீ என்று பெயராம். அடுத்தடுத்து எங்கே போனாலும் அந்த அடையாளத்தை வைத்துக் கண்டுபிடித்துக் கூடவே வருமாம். "என் வீட்டுச் சாவுக்கு எவன் எவனோ கணக்கெடுக்கிறானா?" என்று கேட்டேன். அவள் அப்படி வெளியாள் போடுகிற மூன்றாம் தரப்புக் குக்கீ எல்லாவற்றையும் தடுத்தாள். பழைய பதிவுகளை அழித்தாள். விளம்பரத் தடுப்பு ஒன்றை ஏற்றினாள்.

கீழே ஒரு வரி இருந்தது. என்னைப் பின்தொடர வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது. "ஆமா, இதுதான், இதப் போடு" என்றேன்.

"போடறேங்க்கா. ஆனா இது சும்மா ஒரு வேண்டுகோள்தானுங்க. அவங்க கேக்கணும்னு ஒண்ணும் கட்டாயமில்லீங்க."

"கேக்க மாட்டாங்கன்னா அப்புறம் எதுக்கு அந்தக் கருமத்த வெச்சிருக்காங்க?"

இருந்தாலும் போட்டுவிட்டாள். நான் அந்தச் சின்னப் பொத்தானைப் பார்த்து மனசுக்குள் கும்பிட்டேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

மறுநாள் அவர் போனில் மூலிகை வைத்தியர் வந்தார். அதற்கு மறுநாள், நான்காம் நிலை என்றாலும் நம்பிக்கை உண்டு என்று வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் சிரித்தாள். நான் காபி கொடுக்கிற சாக்கில் அவர் தோள் பக்கமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் விரலால் தள்ளிவிட்டார், அவ்வளவுதான். அவர் குளிக்கப் போகும்போது போனை எடுத்து அதிலும் செட்டிங்கை மாற்றலாம் என்றால், மனுஷன் போனைப் பாத்ரூமுக்கும் கொண்டுபோக ஆரம்பித்திருந்தார். மச்சாண்டாரிடம் சொன்னேன். "நீ மொகத்த தொங்கப் போட்டுகினு போய் நிக்காதமா, அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

இப்படியே இன்னும் ஒரு வாரம் போனது. திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும், கம்பெனி மாடிப்படிக்குக் கீழே நின்று மாடிப் பெண்ணுக்குப் போன் போட்டேன். எல்லாம் பண்ணியும் நிற்கவில்லையே என்றேன். அவள் ஏதேதோ கேட்டுவிட்டு, "அக்கா, அண்ணா போன்ல இருக்கறது எந்த மெயில் ஐடிங்க?" என்றாள். சொன்னேன். என் போனிலும் அதேதான் என்றேன்.

"ஒரே ஐடியாங்க்கா? அப்ப விளம்பரம் வர்றதுகூட பெரிசில்லீங்க்கா. நீங்க தேடறதெல்லாம் அண்ணா தேடப் போனாருன்னா அந்தக் கட்டத்துக்குக் கீழயே வரிசையா வருமுங்க."

வலி எப்போது வரும். கடைசியில் எப்படி இருக்கும். ரயிலில் நின்று நான் தட்டினது எல்லாம் அவர் கைக்கே போயிருக்கிறது. லாக்கரில் ஃபைலைப் பூட்டி வைத்துவிட்டு, வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறேன்.

"அன்னிக்கு அழிச்சது உங்க போன்ல இருந்தது மட்டுந்தானுங்க. ஐடில இருக்கறத உடனே அழிச்சிடுங்க்கா. உங்க போன்ல அழிச்சாப் போதும், அங்கயும் போயிடும்" என்று சொல்லி, எங்கே போக வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்று வழி சொன்னாள். அவளுக்கு மீட்டிங்காம், வைத்துவிட்டாள். அவள் சொன்ன இடத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் அழி என்பதைத் தொட்டேன். உடனே அழித்துவிடவில்லை. இதெல்லாம் போய்விடும், பரவாயில்லையா என்று கேட்டு, மாதிரிக்கு நாலைந்து வரியைக் காட்டியது.

அதில் ஒன்றுகூட நான் தேடினது இல்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மைக் படம் போட்டிருந்தது. எனக்கு எழுத்தைத் தட்டித்தான் பழக்கம். கண்ணாடி போட்டாலும் எழுத்துத் தெரியவில்லை என்று போனிடம் வாயால் கேட்கிறவர் அவர். நேரம் காலை பதினொன்று, பதினொன்றரை. நான் செக்கிங் மேஜையில் நிற்கிற நேரம்.

கணையக் கேன்சர் தொத்துமா. குழாய் வைத்தால் சரியாகிவிடுமா. பேச்சு நின்றுவிடுமா.

அழிப்பதை விட்டுவிட்டுப் பின்னால் போய்ப் பட்டியலைப் பார்த்தேன். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. முதலில் கேட்டது ஒரு திங்கட்கிழமை. விளம்பரம் வருகிறது என்று என்னிடம் சொன்னாரே, அந்த வியாழனுக்கு மூன்று நாள் முன்னால். அதற்குப் பக்கத்தில், பாட்டுப் போட அழுத்துவோமே, அந்த மாதிரி சின்ன முக்கோணம் ஒன்று இருந்தது. தொட்டேன். எங்கள் வீட்டு ஃபேன் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவர் குரல். மேலதிகாரியிடம் லீவு கேட்கிற மாதிரி அவ்வளவு பணிவாக இருந்தது.

"கணையத்துல கேன்சர் வந்தா எவ்ளோ நாள் இருக்கலாம் சார்?"

கையில் இருந்த டிபன் பாக்ஸை அப்படியே படியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பதினான்கு நாள். பதினான்கு நாளாக இந்த மனுஷன் இதைத் தனியாக வயிற்றில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் நான் வந்ததும் மீன் வீடியோவைப் போட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. பர்மிஷன் சொல்லிவிட்டு ரயிலைப் பிடித்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது கட்டிலில் சாய்ந்திருந்தார். "இன்னாமே, அதுக்குள்ள வந்துட்ட? ஒடம்பு சரியில்லயா?" என்றார்.

ரயிலில் வரும்போது எப்படி எப்படியோ பேச வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் வரவில்லை, என் புத்திதான் வந்தது. "யோவ், கேக்கணும்னா என்கிட்ட கேக்க மாட்டியா? நான் என்ன செத்தா போயிட்டேன்? அந்தப் போன்கிட்ட போய் சாரு மோருன்னு கெஞ்சிகினு கீற!" என்று கத்தினேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அவர் கோபப்படவில்லை. போனை அணைத்துத் தலையணை ஓரமாக வைத்தார்.

"உன்கிட்ட கேட்டனேமே. ஆஸ்பத்திரிக்காரன் வந்து பேசறான்னு சொன்னேன்ல. நீதான் எல்லாருக்கும் வருதுன்ன."

அப்போதுதான் எனக்கு அந்த வியாழக்கிழமை புரிந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தவளிடம் அவர் கேட்டிருக்கிறார். நான் மாடிக்குப் போய்க் குக்கீயைத் தடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கை என் கையைவிடச் சூடாக இருந்தது. எவ்வளவு இளைத்துவிட்டார் என்று கையைப் பிடித்த பிறகுதான் தெரிந்தது. எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அவர் அழவில்லை.

"அது ஒண்ணுக்கொண்ணு மாத்தி சொல்லுதுமே. ஒண்ணு மாசத்துல சொல்லுது, ஒண்ணு வருசத்துல சொல்லுது. எத்த நம்பறதுன்னு தெரில. நீயாச்சும் சரியா சொல்லு. டாக்டர் எத்தினி மாசம்னாரு?"

இனிமேல் பொய் சொல்லக் கூடாது என்று வாசல்படி ஏறும்போதே சத்தியம் பண்ணிக்கொண்டுதான் வந்தேன். டாக்டர் சொன்னது மூன்று மாதம். என் வாயில் ஐந்து என்று வந்தது.

அவர் விரலை மடக்கினார். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி.

"அப்ப பொங்கல் பாத்துடுவேன்" என்றார்.

"பாத்துடுவய்யா" என்றேன்.